சோளக்காட்டு மகளிரின் கூடைப்பந்து

மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரென்ஸன் அம்மையார், ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ஆம் ஆண்டின் இறுதியில் வகுத்த கூடைப்பந்தாட்டத்தைத் தம் மாணவிகளுக்கு ஏற்றவாறு திருத்தி, ஆடுகளத்தை மூன்று பாகங்களாகப் பிரித்து, தத்தம் பாகத்தை விட்டு எவரும் அப்பால் செல்லலாகாது என்று விதி செய்தார். பெண்ணின் சரீரம் மிகையான ஓட்டத்தைத் தாங்காது என்ற அக்காலத்து வைத்திய நம்பிக்கையையும், ஒருத்தியே பந்தைக் கைவசப்படுத்திக்கொண்டு புகழ் தேடுவது பெண்மைக்கு அழகன்று என்ற ஆசார நம்பிக்கையையும் அனுசரித்துப் பிறந்த அந்த விதி, எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து, ஒரு குக்கிராமத்துப் பெண் ஒரே ஆட்டத்தில் 93 புள்ளிகளைக் குவித்துப் பதினைந்தாயிரம் பேரின் கரகோஷத்தைப் பெறுவதற்கு வழி செய்யும் என்று அம்மையார் கனவிலும் கருதியிருக்க மாட்டார். அந்த விந்தை நிகழ்ந்த இடம் அயோவா மாநிலம்.

மிஸிஸிப்பி, மிஸௌரி என்னும் இரு மகாநதிகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் அயோவா, மக்காச்சோளமும் பன்றி வளர்ப்பும் மிகுந்த விவசாயப் பிரதேசம். தென்பகுதியில் மட்டும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிஸ்டிக், நூமா முதலிய ஊர்களைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. இருநூறு முந்நூறு பேர் வசிக்கும் ஊர்களில்கூட உயர்நிலைப் பள்ளி ஒன்று தனித்து நடந்த காலம் அது. அத்தகைய பள்ளியில் அமெரிக்கக் கால்பந்துக்கு வேண்டிய பதினொரு பையன்களைத் திரட்டுவதே பெரும்பாடு. பெண்கள் கூடைப்பந்துக்கோ ஆறு பேர் போதும். அறுவடை முடிந்து, கதிர்கள் களஞ்சியம் சேர்ந்து, நிலம் பனியில் உறைந்து கிடக்கும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான நீண்ட மாதங்களில், ஊர் ஜனங்கள் கூடிப் பேசிச் சிரிப்பதற்கு மாதா கோயிலை விட்டால் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றே இருந்தது. பால் கறப்பதும் வைக்கோல் பொதிகளைத் தூக்குவதும் தண்ணீர் சுமப்பதுமாக வளர்ந்த குடியானவர் வீட்டுப் பெண்ணைப் பார்த்து, ‘உனக்கு ஓடத் திராணியில்லை’ என்று சொன்னால் அவளும் நம்ப மாட்டாள். அவளைப் பெற்றவர்களும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே, டெ மாயின் நகரத்து டிரேக் சர்வகலாசாலையில் 1920-ஆம் ஆண்டு பெண்களுக்கான மாநிலப் போட்டி முதன்முதலாக நடந்து, கரெக்ஷன்வில் என்னும் சிற்றூரின் பெண்கள் வாகை சூடியபோது, அது புதிதாக முளைத்த ஒரு மோகம் அன்று; ஊர் ஊராக ஏற்கெனவே வேரூன்றியிருந்த வழக்கத்திற்குக் கிடைத்த அங்கீகாரமே ஆகும்.

ஆனால், அதே ஆண்டுகளில் தேசத்தின் அறிவுலகம் வேறு திசையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. 1923-ஆம் ஆண்டு, பிற்காலத்தில் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி லூ ஹென்றி ஹூவர் அம்மையாரின் தலைமையில், தேசிய அமெச்சூர் விளையாட்டுச் சம்மேளனத்தின் மகளிர் பிரிவு தோன்றியது. கல்லூரிகளின் உடற்பயிற்சிப் பேராசிரியைகள் பலர் அதில் திரண்டனர். பெண்கள் விளையாட வேண்டும், எல்லாப் பெண்களும் விளையாட வேண்டும். ஆனால் கேடயத்துக்காகவும் கோப்பைக்காகவும் ஊர்விட்டு ஊர் சென்று, நுழைவுக் கட்டணம் கொடுத்து வந்த கூட்டத்தின் முன்னிலையில், ஆடவர் பயிற்சியாளரின் ஆணைக்குட்பட்டு விளையாடக்கூடாது என்பது அவர்களது கோட்பாடு. அதற்குப் பதிலாக அவர்கள் பரப்பிய ‘விளையாட்டு நாள்’ என்னும் ஏற்பாட்டில், பல பள்ளிகளிலிருந்து வந்த மாணவிகளைக் கலந்து, வர்ணப் பட்டைகளால் அடையாளமிட்ட குழுக்களாகப் பிரித்து, பள்ளிக்குப் பள்ளி போட்டி என்ற எண்ணமே எழாதபடி ஆடச் செய்து, முடிவில் சிற்றுண்டி வழங்கி அனுப்பிவிடுவார்கள்.

இவர்களைப் பிற்போக்கினர் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. இளம்பெண்களைக் காட்சிப் பொருளாக்கிப் பணம் பண்ணும் முதலாளிகள் அன்று இருந்தது உண்மை. வெற்றி ஒன்றையே கருதி, காயம்பட்டவளையும் களத்திலிறக்கும் பயிற்சியாளர்கள் இருந்ததும் உண்மை. ஆறு பேரை மட்டும் பேணிவிட்டு அறுபது பேரை வேடிக்கை பார்க்க விடும் ஆண்கள் விளையாட்டின் நோய் பெண்களையும் பற்றலாகாது என்ற அவர்களது கவலையும் மெய்யான கவலையே. குறை எங்கே என்றால், எந்தப் பெண்களின் க்ஷேமத்தை உத்தேசித்துப் பேசினார்களோ அந்தப் பெண்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில்தான். அவர்களது பிரசாரம் வலுத்த இருபது முப்பதுகளில், மாநிலத்துக்கு மாநிலம் பெண்கள் போட்டிகள் நிறுத்தப்பட்டன. பள்ளிகளிலிருந்து பெண்கள் அணிகள் மறைந்தன. ஒரு தலைமுறையே பந்தைத் தொடாமல் பள்ளிப்படிப்பை முடித்தது.

அந்த அலை 1925-ஆம் ஆண்டு அயோவாவையும் எட்டியது. மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம், பெண்கள் போட்டியை இனி நடத்துவதில்லை என்று தீர்மானித்தது. பெரிய நகரங்களின் பள்ளி அதிகாரிகள் தலையசைத்தனர். சிற்றூர்ப் பள்ளிகளின் மேற்பார்வையாளர்களோ அந்தத் தீர்ப்புக்குத் தலைவணங்கவில்லை. மிஸ்டிக் ஊர்ப் பள்ளியிலிருந்து வந்திருந்த ஜான் ஏகன்ஸ் என்பவர் எழுந்து, பெண்கள் கூடைப்பந்தை ஒழிக்கப் புறப்படுகிறவர்கள் ரயில் வரும் தண்டவாளத்தின் நடுவில் நிற்கிறார்கள் என்று எச்சரித்ததை அம்மாநிலத்தார் இன்றும் பெருமையோடு எடுத்துரைப்பார்கள். எச்சரிக்கையோடு நிற்காமல், அந்த மேற்பார்வையாளர்கள் தனியே கூடி, பெண்கள் விளையாட்டுக்கென்றே ‘அயோவா பெண்கள் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம்’ என்ற தனி ஸ்தாபனத்தை நிறுவினார்கள். ஆடவர் சங்கத்தின் ஒரு மூலையில் இடம் கேட்டு நிற்காமல், தனி வரவு, தனி செலவு, தனி நிர்வாகம் என்று நின்றதால், பின்னால் வந்த எதிர்ப்புக்கள் எதுவும் அதை அசைக்க முடியவில்லை. போட்டியில் வசூலான பணம் மீண்டும் பெண்கள் விளையாட்டுக்கே செலவாயிற்று. பேராசிரியைகள் எந்த நுழைவுக் கட்டணத்தை இழிவென்று கருதினார்களோ, அதுவே அயோவாப் பெண்களின் சுதந்திரத்துக்கு மூலதனமாக அமைந்தது என்பது என் அபிப்பிராயம்.

இனி ஆட்டத்தின் முறையைச் சற்று அருகிருந்து பார்ப்போம். மூன்று பாகமாயிருந்த களத்தை அயோவா 1934-இல் இரண்டாக்கிக்கொண்டது. ஓர் அணிக்கு முன்னணியினர் மூவர், தடுப்பாளர் மூவர். நடுக்கோட்டை எவரும் தாண்டக்கூடாது. ஆகவே முன்னணியினர் மூவரும் எதிரணித் தடுப்பாளர் மூவரும் ஒரு பாதியிலும், மற்ற அறுவர் மறு பாதியிலும் இருப்பார்கள். பந்தைத் தரையில் இருமுறைக்கு மேல் தட்டலாகாது. இந்தக் கடைசி விதி ஆட்டத்துக்குத் தனியானதோர் அழகைத் தந்தது. தட்டிக்கொண்டே ஓட வழியில்லாததால், பந்தை வாங்கியவள் ஒற்றைக் காலை ஊன்றிச் சுழன்று, தோளால் ஏமாற்றி, தடுப்பாள் ஒரு கணம் தடுமாறும் இடைவெளியில் எறிய வேண்டும், அல்லது கண்ணிமைக்கும் நேரத்தில் தோழிக்குக் கைமாற்ற வேண்டும். கூடை விழுந்ததும் பந்து நடுவட்டத்துக்கு வந்து, எதிரணியின் முன்னணியினர் கையில் சேரும். உடனே மறு பாதியில் ஆட்டம் மூளும். இந்தப் பாதியில் அதுவரை மூச்சுவாங்கப் போராடிய தடுப்பாளர் மூவரும் கோட்டின் ஓரத்தில் வந்து நின்று, இடுப்பில் கைவைத்தபடி, தங்கள் தோழிகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஈழத்துப் பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் ஆடியவர்களுக்கு இந்தக் கோட்டுக் கட்டுப்பாடு புதிதாகத் தோன்றாது. அந்த ஆட்டமும் இதே மகளிர் கூடைப்பந்திலிருந்து இங்கிலாந்து வழியாகக் கிளைத்ததுதான்.

பருவகாலம் முழுவதும் ஊரின் பஞ்சாங்கம் இந்த ஆட்டத்தை ஒட்டியே நடந்தது. செவ்வாய், வெள்ளி இரவுகளில் பெண்கள் ஆட்டமும் பையன்கள் ஆட்டமும் அடுத்தடுத்து நடைபெறும். பல ஊர்களில் பெண்கள் ஆட்டத்துக்கு வந்த கூட்டமே பெரிது. கூடம் பெரும்பாலும் சிறியது. எறிந்த வேகத்தில் ஓடினவள் கூடைக்குப் பின்னாலுள்ள சுவரில் கைவைத்துத்தான் நிற்பாள். பக்கவாட்டில் பார்வையாளரின் முழங்கால்கள் ஆடுகளத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். நியூ பிராவிடென்ஸ் என்ற ஊரில் 1936-இல் வட்ட வடிவமாகவே ஒரு கூடத்தைக் கட்டினார்கள். பெயர் பெற்ற அந்தக் கட்டடம் சரித்திரச் சின்னமாகப் போற்றப்படுகிறது. தாய் தடுப்பாளாக ஆடிய அணியில் மகள் முன்னணியில் ஆடுவதும், அக்காளின் எண்ணைத் தங்கை சட்டையில் தாங்குவதும் சகஜம். தகப்பனார்கள் களஞ்சியத்தின் சுவரில் இரும்பு வளையம் அடித்துக்கொடுத்தார்கள். பால் கறக்கும் வேலை முடிந்ததும் அங்கே பெண்கள் எறிந்து பழகினார்கள்.

மாநிலப் போட்டியில் பள்ளியின் அளவை ஒட்டிய பிரிவுகள் அந்நாளில் இல்லாதபடியால், நாற்பது மாணவர் படிக்கும் பள்ளியும் நானூறு மாணவர் படிக்கும் பள்ளியும் ஒரே கேடயத்துக்காகப் பொருதின. வட்டாரச் சுற்று, மாவட்டச் சுற்று என்று படிப்படியாக வென்று மேலேறி, மார்ச் மாதத்தில் டெ மாயின் நகருக்குச் சென்ற பதினாறு அணிகளில் ஒன்றாக இருப்பதே ஓர் ஊருக்கு ஒரு தலைமுறைக்குப் போதுமான கௌரவம். ஹான்ஸெல் 1940-இலும், காம்ரார் 1948-இலும், மேனார்ட் 1956-இலும் வென்றன; இவற்றின் பெயரைக்கூட அண்டை மாநிலத்தார் அதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்கள்.

1954-இல் வேய்ன் கூலி என்பவர் சங்கத்தின் நிர்வாகச் செயலாளரானார். 2002 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, அந்தப் பொறுப்பை அவரே வகித்தார். போட்டி 1955 முதல் டெ மாயினின் வெடரன்ஸ் நினைவு மண்டபத்துக்கு மாறியது. பதினைந்தாயிரம் பேர் அமரும் அந்த மண்டபத்தை அயோவா ஜனங்கள் செல்லமாகக் ‘களஞ்சியம்’ என்றே அழைத்தார்கள். கூலி அதை ஒரு திருவிழாவாக்கினார்: வாத்திய கோஷ்டிகள், அணிவகுப்புக்கள், விளக்கணைத்து ஏற்றும் ஜாலங்கள், இடைவேளையில் மாலைநேர விருந்துக்குரிய கறுப்பு அங்கி தரித்துத் தரையைப் பெருக்கும் ஆடவர்கள். ஊர்ப் பையன்கள் ஆட்டத்துக்குக் கிடைக்காத ராஜ மரியாதை இது. தொலைக்காட்சி வந்த பிறகு, அயோவாவின் எல்லைக்கு வெளியிலும் பல மாநிலங்களில் ஜனங்கள் மார்ச் மாதத்துச் சனிக்கிழமை இரவில் இந்த இறுதி ஆட்டத்தைக் கண்டார்கள். தேசத்தின் பெரும்பகுதியில் பெண்களுக்குப் பள்ளி அணியே இல்லாத காலத்தில் இது நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அத்தனை இறுதி ஆட்டங்களிலும் 1968-ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு நிகராக எதையும் சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் யூனியன்-விட்டன். யூனியன், விட்டன் என்ற இரண்டு சிறு ஊர்கள் சேர்ந்து நடத்திய பள்ளி. இருநூறு பேர் அளவில் வசித்த விட்டனைச் சேர்ந்த டெனிஸ் லாங், அந்த வருஷத்து மாநிலப் போட்டியின் முதற்சுற்றிலேயே பென்னட் அணிக்கு எதிராக 93 புள்ளிகள் எடுத்து யாவரையும் பிரமிக்கச் செய்திருந்தாள். மறுபக்கம் எவர்லி, அதன் முன்னணியில் ஜீனெட் ஓல்ஸன். ஆட்டத்தின் காலவரை முடிந்தபோது இரு அணிகளும் சரிசமமாக நின்றன. கூடுதல் நேரத்தில் யூனியன்-விட்டன் 113-107 என்று வென்றது. லாங் எடுத்தவை 64 புள்ளிகள். தோற்ற பக்கத்தில் ஓல்ஸன் எடுத்தவை 76. கணக்கைப் பாருங்கள்: எவர்லியின் 107-இல் மற்ற இரு முன்னணியினருக்கும் சேர்ந்து கிடைத்தவை 31 மட்டுமே. ஒருத்தி இவ்வளவு சாதித்தும் தன் ஊருக்குக் கேடயத்தைக் கொண்டுபோக முடியவில்லை. வென்றவளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஓல்ஸனின் 76-ஐ நான் அதனினும் உயர்ந்த வீரமாகக் கருதுகிறேன்.

லாங் பள்ளி வாழ்வில் எடுத்த மொத்தப் புள்ளிகள் 6,250. 1969-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆடவர் தொழில்முறை அணியின் உரிமையாளர் பிராங்க்ளின் மியூலி, வீரர் தேர்வின் பதின்மூன்றாவது சுற்றில் அவளைத் தம் அணிக்குத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தொழில்முறைச் சங்கத்தின் தலைவர் வால்டர் கென்னடி அதைச் செல்லாது என்று அறிவித்தார். விளம்பரத்துக்காகச் செய்த காரியம் என்று பலர் சொன்னார்கள். அது எப்படியிருப்பினும், அந்த வயதில், அந்தத் திறமையோடு, பள்ளியை விட்டு வெளியே வந்த ஒரு பெண் சென்று ஆடுவதற்கு அன்று அமெரிக்காவில் இடமே அரிது என்ற உண்மை அதனால் பகிரங்கமாயிற்று. முந்தைய தலைமுறையில் டாவன்போர்ட் நகரத்து வணிகக் கல்லூரியின் சுருக்கெழுத்து மாணவிகள் 1942-லும் 1943-லும் தேசிய அமெச்சூர் பட்டத்தை வென்றார்கள். மவுண்ட் பிளெஸன்டில் அயோவா வெஸ்லியன் கல்லூரி பல ஆண்டுகள் ஓர் அணியைப் பேணிற்று. அயோவாவின் பள்ளி வீராங்கனைகளில் மிகச் சிலருக்கே அந்தக் கதவுகள் திறந்தன. மற்றவர்கள் பதினெட்டு வயதில் விளையாட்டை விட்டார்கள்.

வெளியில் நின்றவர்கள் வேறொரு கூட்டமும் உண்டு. ஆண்டுதோறும் இந்தத் திருவிழாவைத் தன்னிடம் வைத்து நடத்திய டெ மாயின் நகரத்தின் சொந்தப் பள்ளிகளில், எழுபதுகள் வரும்வரை பெண்களுக்குக் கூடைப்பந்து அணி கிடையாது. நகரத்துக் கல்வி அதிகாரிகள் பேராசிரியைகளின் கோட்பாட்டை விடாது பற்றியிருந்தார்கள். மாநிலத்தின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் நகரங்களிலேயே வாழ்ந்தபடியால், அயோவாவின் புகழ்பெற்ற இந்த ஆட்டம் நெடுங்காலம் வெள்ளைக் குடியானவர் மகளிரின் ஆட்டமாகவே இருந்துவிட்டது. அயோவாவைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

தடுப்பாளர்களின் சங்கதியும் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் அணியில் ஆடி, ஒருமுறைகூடக் கூடையை நோக்கி எறியாமல் பள்ளியை விட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஊர் அவர்களை மதித்தது; நல்ல தடுப்பாளுக்கு மாநில அணியில் இடமும் உண்டு. ஆயினும் கல்லூரிகள் 1971-இல் ஐவர் ஆட்டத்துக்கு மாறி, 1972-இல் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் ‘ஒன்பதாம் தலைப்பு’ என்ற சட்டமும் பிறந்து, கூடைப்பந்தாடும் பெண்ணுக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கும் காலம் வந்தபோது, எறியத் தெரியாத தடுப்பாளைக் கல்லூரிகள் ஏன் கொள்ளும்? இதே அறுவர் ஆட்டம் நடந்த டென்னஸ்ஸியில், ஓக் ரிட்ஜ் பள்ளியின் தடுப்பாள் ஒருத்தி நீதிமன்றம் சென்றாள். 1976-இல் கீழ்க்கோர்ட்டு அவள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. வழக்கில் தோற்றாலும் காலம் அவள் பக்கம் இருந்தது. சில ஆண்டுகளில் டென்னஸ்ஸி தானாகவே முறையை மாற்றிக்கொண்டது.

அயோவாவிலும் எண்பதுகளில் இதே வாதத்துடன் வழக்கு எழுந்தது. சங்கம் அதன்பின் ஐவர் ஆட்டத்துக்கும் அனுமதி தந்து, விரும்பிய பள்ளி விரும்பிய முறையை ஆடலாம் என்று விட்டது. பெரிய பள்ளிகள் முதலில் மாறின. சிற்றூர்கள் பிடிவாதமாகப் பழைய ஆட்டத்தைக் காத்தன. 1987-இல் வென்ச்சூரா பள்ளியை முடித்து வெளியேறிய லின் லாரென்ஸன் 6,736 புள்ளிகளோடு லாங்கின் கணக்கைத் தாண்டியதும் அந்தப் பழைய ஆட்டத்தில்தான். பின்பு அவர்களுக்கும் எதிரணி கிடைப்பது அருமையாயிற்று. அதற்கு முன்பே பள்ளி இணைப்பு வேறு நடந்திருந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த பள்ளி வட்டாரங்கள் அறுபதுகளின் இறுதிக்குள் ஐந்நூறுக்குக் கீழே வந்துவிட்டன. எந்த ஊர்களின் பெயர் ஆட்டத்தின் பெயராக இருந்ததோ, அவற்றில் பலவற்றில் பள்ளியே இல்லை.

1993 மார்ச்சில் கடைசி அறுவர் போட்டி நடந்தது. ஹப்பர்ட்-ராட்கிளிஃப், அட்லாண்டிக் அணியை வென்றது. அயோவாவுக்குப் பிறகு ஓக்லஹோமா மட்டும் இரண்டு ஆண்டுகள் பழைய முறையில் ஆடி, 1995-இல் அதுவும் நிறுத்திக்கொண்டது. 1925-இல் சிற்றூர் மேற்பார்வையாளர்கள் தொடங்கிய சங்கமோ கலையவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஸாஃப்ட்பால், ஓட்டப்பந்தயம் என்று பெண்களுக்கு வேறு பல போட்டிகளையும் அது ஏற்படுத்தியிருந்தது. ஐவர் ஆட்டத்தையும் அதுவே ஏற்று, ஆண்டுதோறும் நடத்தி வருகிறது.